கவின்கலை படிக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு ஆண்டும் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் ஷீட்டுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. எங்கள் செட்டில் நாங்கள் செய்த பிழைகளே இப்போதும் வருகின்றன, கருவிதான் மாறியிருக்கிறது. வகுப்புக்கு நேரத்தோடு வாருங்கள், பென்சிலைச் சீவி வையுங்கள் என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அவற்றை ஆசிரியர்கள் சொல்லிவிடுவார்கள். யாரும் உட்காரவைத்துச் சொல்லாததால் ஆண்டுக்கணக்கில் இழப்பு உண்டாக்குபவற்றை மட்டும் எழுதுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது சென்னை எழும்பூர்ப் பக்கம் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிதான், ஆகவே உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சேர்வது

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுபவை இரண்டு வேறு படிப்புகள். கலை அறிவியல் கல்லூரிகளில் இருப்பது மூன்றாண்டுப் பட்டப்படிப்பு. ஒளிப்படம், வீடியோ, விளம்பரம், இதழியல் என ஊடகத்தைச் சுற்றியே அது இருக்கும். கவின்கலைக் கல்லூரியில் இருப்பது நான்காண்டு பி.எஃப்.ஏ., அதாவது கவின்கலை இளங்கலைப் பட்டம். அதில் வரைதல்தான் அடித்தளம். அதற்கு மேல்தான் எழுத்து வடிவம், போஸ்டர், இல்லஸ்ட்ரேஷன் எல்லாம் வரும். சினிமா கேமராவைத் தொடலாம் என்று நம்பி வந்த பிள்ளைகள், முதல் செமஸ்டரில் கையெல்லாம் கரியாக, குடம், பழம் என்று எதிரே வைத்த பொருள்களைப் பார்த்து ஸ்டில் லைஃப் போட்டுக்கொண்டு, வந்த இடம் இது இல்லையே என்று திகைத்து நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும்.

சிற்பத்திலும் இதே குழப்பம். மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுக் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி, சிற்ப சாஸ்திர மரபில் கல், உலோகம், மரம் என்று பழக்குகிற இடம். சென்னையிலோ களிமண்ணில் தலை செய்வது, பிளாஸ்டர் மோல்டு எடுப்பது, உலோகத்தை வெல்டிங் செய்வது என்று பாதை வேறு. இரண்டும் நல்ல இடங்கள். கோயில் சிற்பம் செய்ய ஆசைப்படும் பையன் சென்னைக்கு வந்தாலும், பல பொருள்களை ஓர் இடத்தில் அமைத்துக் காட்டும் இன்ஸ்டலேஷன் செய்ய ஆசைப்படும் பெண் மாமல்லபுரத்துக்குப் போனாலும், இருவருக்கும் நான்கு ஆண்டுகள் சுமையாகிவிடும்.

விண்ணப்பத்தில் துறைகளை வரிசைப்படுத்தும் முன் ஒருநாள் கல்லூரிக்குள் போய்ச் சுற்றிப் பாருங்கள். பீங்கான் துறையின் சூளை, பதிப்போவியத் துறையில் உலோகத் தகட்டிலிருந்து படம் அச்சிடும் எட்சிங் பிரஸ், துணி வடிவமைப்புத் துறையின் தறி எல்லாவற்றையும் பாருங்கள். வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள், அது நியாயமான கேள்வி. அதற்காக ஒரு துறையைக் கண்ணாலும் பார்க்காமலே வேண்டாம் என்று அடித்துவிடாதீர்கள்.

இரண்டாம் ஆண்டிலேயே "ஸ்டைல்" தேடுவது

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது 1911இல். எல்லோரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லும் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை அவர் தொடங்கியது 1963 வாக்கில். அதற்குமுன் பல ஆண்டுகள் கேரளத்து நீர்நிலைகளையும் தென்னைகளையும் நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தவர் அவர். உங்களுக்குப் பத்தொன்பது வயது. நேரம் இருக்கிறது.

செல்போன் படத்தைப் பார்த்து வரைவது

இந்தப் பட்டியலை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஆளை நேரில் பார்த்து வரையும் லைஃப் வகுப்பை எடுத்துக்கொள்வோம். மேடையில் ஒரு பெரியவர் மாடலாக நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். உடம்பின் பாரம் முழுவதும் வலது காலில். சுற்றிலும் மாணவர்கள் டிராயிங் போர்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் போனதும் ஒருவர் செல்போனை எடுத்து ஒரு படம் பிடிக்கிறார். அதற்குப் பிறகு அவர் மேடையை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. திரையில் கட்டம், பேப்பரிலும் கட்டம், ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போகிறார். பெரியவர் கால் மரத்துப்போய் நின்றுகொண்டிருக்கிறார். அவரை வரைய வந்த மாணவர் அவரைப் பார்க்கவில்லை.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். ஷீட் "கரெக்டாக" வந்திருக்கிறதே என்கிறார்கள். உண்மையில் கரெக்டாகவும் வருவதில்லை.

ஒரு காலில் பாரம் போட்டு நிற்கும் மனிதரின் கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டுப் பாருங்கள். பாரம் தாங்கும் பாதத்தின்மேல் வந்து விழும். பாரம் இருக்கும் பக்கம் இடுப்பு மேலேறும், அதே பக்கம் தோள் இறங்கும். உடம்பு விழாமல் நிற்பதற்குச் செய்யும் ஏற்பாடு இது. பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இந்தச் செங்குத்தைச் சரிபார்த்துத்தான் எல்லோரும் வரையக் கற்றோம். தரையில் உட்கார்ந்து செல்போனை அண்ணாந்து பிடித்தால் கால்கள் பெருத்துத் தலை சிறுத்துவிடும், செங்குத்துக் கோடுகள் எல்லாம் மேலே போகப்போகச் சாயும். அந்தப் படத்தைக் கட்டம் போட்டு எவ்வளவு நேர்மையாகப் பிரதி எடுத்தாலும் ஆள் நிற்கமாட்டார், சாய்ந்துவிடுவார். முகத்தை நெருங்கிப் பிடித்த படத்தில் மூக்கு பெருக்கும், காது பின்வாங்கும். நாம் எதிரே உட்கார்ந்து பேசும்போது பார்க்கும் முகம் அது இல்லை.

நிறத்தில் இன்னும் மோசம். ஜன்னல் வழியே வரும் மாலை வெயிலின் மஞ்சளை செல்போன் தானாகவே திருத்தி வெள்ளையாக்கிவிடும். கறுத்த தோலின் நிழலுக்குள் தரையிலிருந்து எழும்பும் எதிரொளி இருக்கும். தாடைக்குக் கீழே லேசான செம்மை, தோள்பட்டையின் அடியில் ஒரு நீலம். நம் ஊர்த் தோலை வரைவதில் உள்ள அழகே அங்கேதான் இருக்கிறது. படத்தில் அந்த இடம் ஒன்று கரேலென்று அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் சாம்பல் பூசினதுபோல் வெளுத்துவிடும். வண்ணத் தட்டில் மாணவர் தேடுவது அந்தச் சாம்பலை. பிறகு "ஸ்கின் டோன் செத்துப்போய் இருக்கு சார், என்ன கலர் போடறது" என்று என்னிடம் கேட்கிறார். எதிரே நிற்கும் ஆளைப் பாருங்கள் என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்?

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்வாதம் வரும். "ஓவியர் ஆதிமூலம் காந்தியைப் போட்டோ பார்த்துத்தானே வரைந்தார்?" நல்ல கேள்வி. காந்தி மறைந்தபோது ஆதிமூலத்துக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களுக்குப் படங்கள்தான் கைகொடுத்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோடுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். எங்கே தடிக்கிறது, எங்கே அறுந்து நின்று மறுபடி பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். எந்தப் போட்டோவிலும் அந்தக் கோடு கிடையாது. நேரில் மனிதர்களை வரைந்து வரைந்து பழகிய கை, ஒரு படத்தைப் பார்த்ததும் அதற்குள் எலும்பு எங்கே, பாரம் எங்கே என்று கண்டுகொள்கிறது. அந்தப் பழக்கம் வந்தவருக்கு போட்டோ ஒரு குறிப்பு. அது வராதவருக்கு போட்டோதான் எஜமான்.

மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னைக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர். அந்தச் சிலைக்கு மாடலாக நின்றவர்களில் கல்லூரியின் இரவுக் காவலாளியும் ஒருவர் என்று சொல்வார்கள். பாறையை நெம்பும் அந்த முதுகுகளைச் சுற்றி நடந்து பாருங்கள், எந்தப் பக்கம் போனாலும் பாரம் பாரமாகவே இருக்கும். ஒரே கோணத்தில் எடுத்த படத்திலிருந்து அப்படி ஒரு முதுகைச் செய்யவே முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு மாணவர், கை வேகம் அபாரம். போட்டோ பார்த்து வரைந்த பெரிய பெரிய போர்ட்ரெய்ட்டுகள், மயிரிழை மயிரிழையாக. ஊரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். நிறைய ஆர்டரும் வந்தது. முதுகலைக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். போர்ட்போலியோவைப் பார்த்து அழைத்தார்கள். அங்கே செய்முறைத் தேர்வில் ஒரு மாடலை உட்காரவைத்து, செல்போனை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் பேப்பரில் எதுவும் விழவில்லை. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை அண்ணா என்று ரயிலிலிருந்து போன் செய்தபோது அழுதுவிட்டார். ஓர் ஆண்டு போனது. அதைவிடப் பெரிய இழப்பு, நான்கு ஆண்டுகள் தினமும் மாடல் எதிரே நின்றும் அவர் கண்ணுக்குப் பயிற்சியே கிடைக்காமல் போனது. கல்லூரியை விட்டு வெளியே வந்தபின் மாடலை நிற்கவைத்து வரைய உங்களுக்கு யார் இடம் தருவார்கள், யார் கூலி கொடுப்பார்கள்? கட்டணத்தோடு சேர்த்துக் கிடைக்கும் இந்த வசதிதான் கவின்கலைப் படிப்பின் பெரிய சொத்து. அதை மாணவர்கள் தாமாகவே வேண்டாம் என்று ஒதுக்குவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

செய்ய வேண்டியது சிக்கலானது இல்லை. வகுப்புக்குள் செல்போனைப் பையில் போடுங்கள். முதல் பத்து நிமிடம் ஷேடிங் பக்கமே போகாமல், தலையிலிருந்து பாதம் வரை நிற்கும் விதத்தை மட்டும் நாலைந்து கோட்டில் பிடியுங்கள். நேரம் ஆக ஆக மாடலின் தோள் தளரும், இடுப்பு அமரும். அப்போது எரிச்சல்பட வேண்டாம். எந்த நிலையைப் பிடித்து வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பதும் இந்தப் படிப்பில் ஒரு பாடம். சனி, ஞாயிறுகளில் எழும்பூர் ஸ்டேஷனுக்கோ சென்ட்ரலுக்கோ போய் மூட்டை மேல் தலைவைத்துத் தூங்குகிறவர்களை ஸ்கெட்ச் செய்யுங்கள். எழும்பூர் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார், 11ஆம் நூற்றாண்டுத் திருமேனி. வலப்பாதியில் இரண்டு கை, இடப்பாதியில் ஒரு கை. ஆணின் தோள் விரிவும் பெண்ணின் இடை வளைவும் மார்பின் நடுவில் எப்படி ஒன்றாகின்றன என்பதை ஒரு மணி நேரம் நின்று வரைந்து பாருங்கள். செல்போனில் எடுத்தால் கண்ணாடியில் உங்கள் முகமும் டியூப் லைட்டும்தான் விழும். நீங்கள் அரை அடி நகர்ந்தால் போதும், அந்த இடுப்பு வேறொன்றாகத் திரும்பிவிடும். அந்த அரை அடியைத்தான் வரைய வேண்டும்.

போட்டோவுக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓடும் மாடு, கொட்டும் மழை, இடிக்கப்போகும் வீடு, இவற்றுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்காக போர்ட்ரெய்ட் ஆர்டர் எடுப்பதும் தவறில்லை, எத்தனையோ பேருக்கு விடுதிக் கட்டணம் அதில்தான் போகிறது. அதை அறையில் செய்யுங்கள். வகுப்பு நேரம் எதிரே நிற்பவருக்கு உரியது.

எண்ணெய் வண்ணத்தின்மேல் அக்ரிலிக்

சப்மிஷனுக்கு முதல் நாள் அவசரத்தில் நடப்பது இது. எண்ணெய் காயவில்லை, தண்ணீரில் கரைத்துப் பூசும் அக்ரிலிக் வண்ணத்தால் ஒரு திருத்தம் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் பிடிப்பு இருக்காது. சில மாதத்தில் தோல்போல் உரியும். அக்ரிலிக்கின்மேல் எண்ணெய் போடலாம், தலைகீழாகக் கூடாது. எண்ணெயிலேயே அடுக்கு அடுக்காகப் போகும்போது கீழ் அடுக்கில் எண்ணெய்ச் சத்து குறைவாகவும் மேலே போகப்போக அதிகமாகவும் இருக்கட்டும். மாற்றிப் போட்டால் வெடிக்கும். காசை மிச்சம் பிடிக்க வெறும் டர்பன்டைனில் கரைத்துக்கொண்டே போனால் வண்ணம் துணியைப் பிடிக்காமல் பொடியாக உதிரும். பிரைமர் என்னும் அடிப்பூச்சு போடாத வெறும் துணியில் எண்ணெய் வண்ணம் ஏற்றாதீர்கள், அதிலுள்ள லின்சீட் எண்ணெய் நாளடைவில் நூலையே இற்றுப்போகச் செய்யும்.

சொந்த ஊரைப் பார்க்காதது

புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, மேலைநாட்டு ஓவியர்களின் பெயர்களை மடமடவென்று ஒப்பிக்கும் ஒரு மாணவியிடம் சித்தன்னவாசல் பற்றிக் கேட்டேன். போனதில்லை என்றார். அவர் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். குகைக்கோயிலின் கூரையில் தீட்டிய அந்தத் தாமரைக் குளம், மீன்கள், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். எவ்வளவு குறைந்த நிறங்களில் எவ்வளவு தண்ணீர்! அடுத்த விடுமுறையிலேயே போய் வாருங்கள்.

"நல்லா இருக்கு" என்று சொல்பவர்களிடம் மட்டும் காட்டுவது

சிற்பத் துறை சீனியரிடம் உங்கள் ஓவியத்தைக் காட்டுங்கள்.

பழைய ஷீட்டுகளை எடைக்குப் போடுவது

போடாதீர்கள். நான்காம் ஆண்டில் தேவைப்படும்.

பின்பக்கம் எழுதாமல் விடுவது

பெயர், ஆண்டு, ஊடகம், அளவு. நான்கும் பென்சிலில்.

கேன்வாஸை உள்பக்கமாகச் சுருட்டுவது

வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான பைப்பில் சுருட்டுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் நெருங்கி நசுங்கும், விரிக்கும்போது விரிசல் விடும். மழைக்காலத்தில் விடுதிச் சுவரோடு ஒட்டி நிறுத்தவும் வேண்டாம், நாலு விரல் இடைவெளி இருக்கட்டும்.