மழை விட்ட நாளிலிருந்து எண்ணுங்கள்: வானிலை பார்த்து டெங்குவைத் தடுப்பது

அடைமழையைக் கண்டு டெங்கு வந்துவிடுமே என்று பயப்படுகிறோம். ஆனால் கொட்டித் தீர்க்கும் மழை பெரும்பாலும் கொசுப்புழுக்களை அடித்துக்கொண்டு போய்விடும். விட்டு விட்டுப் பெய்து, நடுவில் நாலு நாள் வெயில் காய்வதுதான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தோது.

காரணம் அதன் முட்டை. இந்தக் கொசு, தண்ணீர் நிற்கும் பாத்திரத்தில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில்தான் முட்டையை ஒட்டவைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழையில் நீர் ஏறி அதைத் தொட்டதும் பொரிந்துவிடும். அதனால் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து வைப்பது பாதி வேலைதான். உள்சுவரை, குறிப்பாக நீர்க்கோடு படிந்த இடத்தை, முரட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். பலர் தவறவிடுவது இந்தத் தேய்ப்பைத்தான். பிறகு, 'வாரா வாரம் தண்ணீரை மாற்றியும் புழு வருகிறதே' என்று குழம்புவார்கள்.

வெப்பநிலை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். குளிர்ந்த நாட்களில் இது இரண்டு வாரத்தையும் தாண்டும். ஆகவே மழை விட்ட நாளைக் காலண்டரில் குறித்து, ஐந்தாம் நாளுக்குள் முதல் சுற்றுச் சுத்தத்தை முடியுங்கள். பிறகு வாரம் ஒரு முறை. பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர் கூலர், ஃபிரிட்ஜின் பின்தட்டு, பழைய டயர், மொட்டைமாடியில் தார்ப்பாய் மடிப்பு, அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய் என எதையும் விடாதீர்கள். ஒரு மூடி அளவு தண்ணீரே கொசுவுக்குப் போதும்.

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பாது. 25 முதல் 28 டிகிரியில் வைரஸ் அதன் உமிழ்நீரை எட்ட 8 முதல் 12 நாள் பிடிக்கும். வெப்பம் 30ஐ எட்டினால் ஏறக்குறைய ஒரு வாரம் போதும். சில வாரமே வாழும் கொசுவுக்கு இந்த மூன்று நான்கு நாள் பெரிய லாபம். காற்றில் ஈரப்பதம் இருந்தால் ஆயுளும் நீளும். மாறாக, 18 டிகிரிக்குக் கீழே வைரஸ் மந்தமாகிவிடும். 35க்கு மேலே கொசுவே சீக்கிரம் செத்துப்போகும். கடிபட்டவருக்குக் காய்ச்சல் தெரிய இன்னும் 4 முதல் 10 நாள். எல்லாவற்றையும் கூட்டினால், காய்ச்சல் அலை மழைக்கு ஒன்றிரண்டு மாதம் பின்னால்தான் வரும். தரை காய்ந்துவிட்டதே என்று கையைக் கட்டி உட்காரக்கூடாத காலம் அதுதான்.

வறட்சியிலும் டெங்கு வரும். குழாயில் தண்ணீர் வராதபோது வீட்டில் பிடித்து வைக்கிறோம், கொசுவுக்கு அது மழைக்குச் சமம். மூடி இறுக்கமாக இல்லையென்றால் மெல்லிய வலைத்துணியை ரப்பர் பட்டை போட்டுக் கட்டுங்கள். காலி செய்யவே முடியாத, குடிக்காத நீர்த்தொட்டி என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம் வீதம் 1 சதவீத டெமிபாஸ் என்ற கொசுப்புழுக்கொல்லிக் குருணை போடலாம். தொட்டியைக் கழுவினால் மறுபடியும் போட வேண்டும்.

புகை மருந்துக்கும் நேரம் உண்டு. உச்சி வெயிலில் சூடான தரைக்காற்று புகையை மேலே தூக்கிவிடும். பலத்த காற்று கலைத்துவிடும். காற்று அடங்கிய அதிகாலையிலும் சாயங்காலத்திலும் அடித்தால் பலன் உண்டு. அதுவும் பறக்கும் கொசுவுக்கு மட்டும்தான். சுவரில் ஒட்டிய முட்டையை அது ஒன்றும் செய்யாது.