ஓஇஇ எண்ணும் ஒரு நோட்டும்

கோவையில் ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்) பட்டறையில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தபோது, என் அப்ரைசல் முழுக்க ஓஇஇ (OEE, மெஷினை எவ்வளவு முழுமையாகப் பயன்படுத்தினோம் என்று காட்டும் சதவீதம்) என்ற ஒரே எண்ணை வைத்துத்தான். மெஷின் ஓடிய நேரம், ஓடிய வேகம், தேறிய பீஸ் ஆகிய மூன்று விகிதங்களையும் பெருக்கினால் வருவது அது. மூன்றும் 90 சதவீதம் இருந்தாலும் பெருக்கினால் 73தான் வரும். மாதாமாதம் மீட்டிங்கில் திட்டு. நான் ஆபரேட்டர்களை விரட்டினேன். அது தப்பு, இன்றும் வருத்தம் உண்டு.

அப்புறம் ஒரு நோட்டு போட்டேன். மெஷின் நின்றால் எத்தனை நிமிடம், எதனால் என்று ஆபரேட்டர் அண்ணன்களே எழுதினார்கள். இரண்டே வாரத்தில் விஷயம் பிடிபட்டது. 450 நிமிட ஷிப்டில், ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்கு செட்டிங் மாற்றவே 90 நிமிடம் போயிருந்தது. பீஸைப் பிடிக்கும் ஜா, வெட்டும் டூல், அதன் முனையில் மாட்டும் இன்சர்ட், முதல் பீஸை அளந்து பார்க்கும் கேஜ் என எல்லாவற்றையும் மெஷின் நின்ற பிறகுதான் தேடிக்கொண்டிருந்தோம். அடுத்த வேலைக்கு வேண்டியதை, மெஷின் ஓடும்போதே டிராலியில் எடுத்து வைக்க ஆரம்பித்தோம். 90 நிமிடம் 40 ஆனது.

மீட்டிங்கிற்கும் அந்த நோட்டையே கொண்டுபோனேன். மெட்டீரியல் வராமல் நின்ற நேரத்தைத் தனியாகக் காட்டியதும், அந்தப் பழி எங்கள் தலையில் விழுவது நின்றது. எண் உடனே ஏறவில்லை. நான்காவது மாதம்தான் 70ஐத் தாண்டியது.