சரிவு நிலத்தில் கொட்டகைக்கு மண்ணுக்கடியில் மின்கம்பி

கோத்தகிரிப் பக்கம் வீடு மேட்டிலும் மாட்டுக்கொட்டகை பள்ளத்திலுமாக உள்ள நிலங்களில், மின்கம்பியை மரத்துக்கு மரம் கட்டி இழுப்பதை விட்டு, உலோகக் கவசம் சுற்றிய ஆர்மர்டு கேபிளாக மண்ணுக்கடியில் கொண்டு செல்வதே நல்லது. குழி 75 சென்டிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அடியில் மணல், கேபிள், மறுபடி மணல், அதன்மேல் வரிசையாகச் செங்கல், பிறகு எச்சரிக்கை நாடா. சரிவில் நேராகக் கீழ்நோக்கி வெட்டிய குழி ஐப்பசி மழையில் ஓடையாகிவிடும் என்பதால், அதைச் சற்றுக் குறுக்காக வெட்டி, இடையிடையே கல் தடுப்பு வைத்து, மண்ணை அடுக்கடுக்காகத் திமிசுக்கட்டையால் இடித்து மூட வேண்டும். எங்கள் தோட்டத்தில் அப்படிச் செய்யாமல் விட்டதால், முதல் பெருமழையிலேயே செங்கற்கள் பல்லிளித்தன. கேபிள் நுழையும் குழாயின் வாயை அடைக்காவிட்டால், மேட்டு நீர் குழாய் வழியே நேராகக் கொட்டகையின் ஸ்விட்ச் பெட்டிக்குள் இறங்கும்.

தூரமும் முக்கியம்: 60 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 10 ஆம்பியர் சுமையில் ஏறத்தாழ 9 வோல்ட்டை விழுங்கும். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் ஐந்தரையோடு நிற்கும். ஈரத்தரையில் நிற்கும் மாட்டுக்குச் சிறு கசிவே ஆபத்து என்பதால், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும் கட்டாயம். இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே தர வேண்டும்.