ஸ்மார்ட் விளக்கு: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

ஸ்மார்ட் விளக்கு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை நிறம் வரும் என்பதைத்தான். பெட்டியிலும் ஒரு கோடியே அறுபது லட்சம் நிறம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். நான் முதலில் பார்க்கச் சொல்வது உங்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கிற சுவிட்சை. போன் கையில் இல்லாத பாட்டி, எக்கி நின்று சுவிட்சைத் தொடுகிற குழந்தை, ஒரு ராத்திரி தங்க வந்த விருந்தாளி என்று யார் அந்தச் சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரிய வேண்டும், இன்னொரு தட்டில் அணைய வேண்டும். அது நடக்காத வீட்டில் எவ்வளவு நல்ல விளக்கை மாட்டினாலும் கொஞ்ச நாளில் எல்லோருக்கும் எரிச்சலாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம்.

படி 1: பல்பை மாற்றுவதா, சுவிட்சை மாற்றுவதா?

ஸ்மார்ட் பல்புக்குள்ளேயே ஒரு சின்ன ரேடியோ இருக்கிறது. போனிலிருந்து வரும் உத்தரவுக்காக அது எப்போதும் காத்திருக்க வேண்டும், அதனால் அதற்கு எப்போதும் கரண்ட் வந்துகொண்டே இருக்க வேண்டும். யாராவது சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும், அட்டவணை போட்டு வைத்திருந்தாலும் எரியாது. பலருக்கு இது வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

ஸ்மார்ட் சுவிட்ச் வேறு மாதிரி. அறிவு சுவருக்குள் இருக்கும், பல்பு சாதாரண எல்இடியே போதும். கையாலும் போடலாம், போனிலும் போடலாம். இதிலேயே இன்னொரு வகை, சுவிட்ச் பெட்டிக்குள் பின்பக்கமாக ஒளிந்துகொள்ளும் ரிலே மாட்யூல் என்ற சின்னக் கருவி. உங்கள் பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குறை ஒன்று: சுவிட்ச், ரிலே இரண்டிலும் விளக்கின் நிறத்தை மாற்ற முடியாது.

ஆக, பலர் புழங்குகிற கூடம், சமையலறை, வாசல், மாடிப்படி ஆகிய இடங்களுக்குச் சுவிட்ச் அல்லது ரிலே. ஒருவர் மட்டும் பயன்படுத்துகிற படுக்கையோர விளக்கு, படிக்கிற மேஜை போன்றவற்றுக்கு ஸ்மார்ட் பல்பு. ஒரே சுவிட்சில் நாலைந்து பல்பு எரிகிற கூடத்துக்கு நாலைந்து ஸ்மார்ட் பல்பு வாங்குவதைவிட ஒரு ரிலே வைப்பது எல்லா வகையிலும் சுலபம். வாடகை வீடு என்றால் வயரிங்கைத் தொட வேண்டாம், பல்பே சரி. சுவர் சுவிட்சை எப்போதும் ஆனில் விட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் ஒட்டுகிற வகை வயர்லெஸ் பட்டனை அதன் பக்கத்திலேயே ஒட்டி விடுங்கள்.

மாடிப்படியில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று இரண்டு சுவிட்ச் இருக்கும் இல்லையா, அங்கே இரண்டுவழி இணைப்புக்கு ஒத்துவருகிற ரிலேதானா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். அப்புறம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற பழைய டிம்மர் இருக்கும் இடத்தில் ஸ்மார்ட் பல்பை மாட்டாதீர்கள். டிம்மர் மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்பும், பல்புக்குள் இருக்கும் மின்சுற்றுக்கு அது ஆகாது. விளக்கு மினுக்கும், இரையும், சீக்கிரம் கெட்டும் போகும்.

படி 2: எந்த வழியில் பேசும்?

வைஃபை பல்புக்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், நேராக உங்கள் ரவுட்டரோடு சேரும். ஒன்றிரண்டு விளக்கோடு தொடங்குகிறவர்களுக்கு இதுவே போதும். ஆனால் ஒவ்வொரு பல்பும் ரவுட்டரில் ஓர் இடம் பிடிக்கும், முப்பது நாற்பது ஆகும்போது சாதாரண ரவுட்டர் திணறும்.

ஜிக்பி என்பது வைஃபை போலவே இன்னொரு ரேடியோ வழி. அதற்கு ஹப் என்ற ஒரு சின்னப் பெட்டி தேவை, அதுதான் ரவுட்டரோடு பேசும். இதன் அழகு என்னவென்றால், கரண்டில் ஓடும் ஒவ்வொரு ஜிக்பி பல்பும் பக்கத்துப் பல்பின் செய்தியை வாங்கி அடுத்ததற்குக் கடத்தும். கடைசி அறை ஹப்பிலிருந்து தூரமாக இருந்தாலும் இடையில் இருக்கிற விளக்குகள் வழியாகச் செய்தி போய்ச் சேரும். அந்தச் சங்கிலியில் ஒரு பல்பை யாராவது சுவிட்சில் அணைத்தால் அதை நம்பியிருந்தவையும் தடுமாறும், முதல் படியில் சொன்ன சுவிட்ச் பிரச்சினை இங்கேயும் வருகிறது. த்ரெட் என்பதும் இதே போன்ற வலைப்பின்னல்தான். அதற்கு ‘பார்டர் ரவுட்டர்’ வேண்டும், சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களுக்குள்ளேயே அது இருக்கிறது.

மேட்டர் இவற்றுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பொது மொழி. முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அமேசான், ஆப்பிள், கூகுள், சாம்சங் எல்லாம் சேர்ந்து ஒப்புக்கொண்டது என்பதால், மேட்டர் முத்திரை உள்ள விளக்கை இவற்றில் எந்த நிறுவனத்தின் ஆப்பிலும் சேர்க்கலாம், ஒரே விளக்கை இரண்டு மூன்று ஆப்களில்கூட வைத்துக்கொள்ளலாம். உத்தரவு வீட்டுக்குள்ளேயே போய் வருகிறது என்பது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மலிவான வைஃபை பல்புகள் பலவற்றில் நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து போடுகிற உத்தரவு எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. அந்தச் சர்வர் நின்றால்? 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுக் கருவி நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுபோயின, வாடிக்கையாளர்களின் ஆப் அப்படியே முடங்கியது. பிறகு அதன் பயனர்களில் சிலரே நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் இணையம் இல்லாமலும் வேலை செய்யுமா என்பதைப் பெட்டியில் தேடுங்கள்.

படி 3: பெட்டியில் எதைப் படிப்பது

முதலில் ஹோல்டர். பி22 என்றால் இரண்டு பக்கமும் முள் உள்ள, அழுத்தித் திருப்பும் வகை. இ27, இ14 திருகும் வகை. எண் அதன் விட்டம், மில்லிமீட்டரில். பழைய பல்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வோல்டேஜ் உங்கள் வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்துகிறதா என்பதையும் பாருங்கள், வேறு நாட்டிலிருந்து வரவழைக்கும்போது இது தவறிப்போகும்.

வெளிச்சத்துக்கு வாட் பார்க்க வேண்டாம், லூமென் பாருங்கள். பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென், அதை எல்இடி 8 முதல் 10 வாட்டில் தந்துவிடும். ஓர் அறைக்கு அந்த ஒரே விளக்குதான் என்றால் அதைவிடக் கூடுதலாகவே வாங்குங்கள், குறைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

கெல்வின் என்பது வெள்ளையின் சாயல். 2700 இதமான மஞ்சள், 4000 நடுத்தரம், 6500 பளிச்சென்ற வெள்ளை. 2700 முதல் 6500 வரை மாற்றிக்கொள்ளக்கூடிய விளக்கைத்தான் நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன். நீலம் கலந்த பளிச் வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பதை ராத்திரியில் தடுக்கிறது, அதனால் பகலில் வெள்ளை, படுக்கப் போகுமுன் மங்கலான மஞ்சள் என்று தானாக மாறும்படி வைப்பது உடம்புக்கே நல்லது. சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் முதல் வாரத்தோடு அநேகமாக அலுத்துவிடும். அந்த நிறங்களில் எரியும்போது வெளிச்சமும் வெள்ளையைவிடக் குறைவு. டிவிக்குப் பின்னால் ஒரு பட்டை விளக்கு போடுகிறீர்கள் என்றால் நிறம் வாங்குங்கள், மற்ற இடத்துக்கு வேண்டாம்.

நாலு பக்கமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டப் போகிறீர்களா? மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பல்புக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்சுக்குச் சூடு ஆகாது.

படி 4: பல்பை மாட்டிச் சேர்ப்பது

மாட்டுவதற்கு முன்னால் பல்பின் கழுத்தில் இருக்கும் கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேட்டர் விளக்கில் அதோடு 11 இலக்க எண்ணும் இருக்கும். விட்டத்தில் மாட்டிய பிறகு நாற்காலி போட்டு ஏறித் தேட வேண்டியிருக்கும், ரவுட்டரோ போனோ மாற்றும்போது அது மறுபடி தேவைப்படலாம்.

சுவிட்சை அணைத்துவிட்டு, சூடு ஆறியதும் பழைய பல்பைக் கழற்றிப் புதியதை மாட்டுங்கள். சுவிட்சைப் போட்டால் பல்பு பெரும்பாலும் மினுக்கும், ‘நான் தயார்’ என்று அர்த்தம். மினுக்காவிட்டால் கையேட்டில் சொன்ன தடவை ஆன், ஆஃப் செய்யுங்கள், ரீசெட் ஆகும். பிறகு ஆப்பைத் திறந்து, ப்ளூடூத்தையும் இருப்பிட அனுமதியையும் கொடுத்து, கியூஆரை ஸ்கேன் செய்தால் போதும்.

சேராமல் போனால் காரணம் பெரும்பாலும் வைஃபைதான். ஸ்மார்ட் பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுத்தால் சில பல்புகள் குழம்பும், இணைக்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்து வைத்துப் பாருங்கள். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் சில சேராது, டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த அமைப்புக்கு மாற்றுங்கள். உலோகக் கூண்டு போட்ட விளக்கில் சிக்னல் குறையும் என்பதையும் கவனியுங்கள்.

படி 5: சுவிட்ச் அல்லது ரிலே

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வயரிங் பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். உயிர் விஷயம், தயங்க வேண்டாம். ஆனால் அவர் வருவதற்கு முன்னால் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியது சில உண்டு.

சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சாதாரண சுவிட்சுக்கு ஃபேஸ் (கரண்டைக் கொண்டுவரும் வயர்) வந்து, விளக்குக்குப் போனால் போதும், நியூட்ரல் நேராக விளக்குக்கே போய்விடும். ஆனால் ஸ்மார்ட் சுவிட்ச் தானே விழித்திருக்கக் கரண்ட் வேண்டும், அதற்கு நியூட்ரல் தேவை. இல்லாத பெட்டிகளுக்கென்று நியூட்ரல் தேவைப்படாத மாடல்கள் வருகின்றன. அவை விளக்கின் வழியாகவே கொஞ்சம் கரண்டைக் கசியவிட்டு ஓடுகின்றன, குறைந்த வாட் எல்இடி என்றால் அணைத்த பிறகும் லேசாக மினுங்கும். விளக்கோடு இணையாக பைபாஸ் கபாசிட்டர் என்ற சின்னப் பாகத்தைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். நியூட்ரல் இல்லையே என்று எர்த் வயரை அந்த இடத்தில் கொடுக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். அது ஆபத்து.

வேலை தொடங்குமுன் அந்தச் சுற்றின் எம்சிபியை (மெயின் பெட்டியில் இருக்கும் பாதுகாப்புச் சுவிட்சை) இறக்கி, டெஸ்டரால் சோதித்து, பழைய இணைப்பைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரிலேயின் மேல் எல்இடிக்கு எவ்வளவு சுமை என்று தனியாக எழுதியிருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்இடிகள் போட்ட நொடியில் ஒரு கணம் நிறைய கரண்டை இழுக்கும். விளக்குக்கான டிம்மர் மாட்யூலில் ஃபேனைக் கொடுக்கக் கூடாது.

படி 6: ஆப்பில் செய்ய வேண்டியவை

பவர் போய் வந்தால் விளக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை முதலில் தேடிப் பிடியுங்கள். பல பல்புகள் கரண்ட் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் வரும், நடுராத்திரியில் வீடே விழித்துக்கொள்ளும். படுக்கையறை விளக்கை ‘முன்பு இருந்த நிலை’ என்று மாற்றுங்கள்.

பெயர்களை அறையோடு சேர்த்து வையுங்கள், குரலில் சொல்லும்போது ‘விளக்கு 1’, ‘விளக்கு 2’ எதுவும் நினைவில் நிற்காது. வாசல் விளக்குக்கு மணி கணக்கு வேண்டாம், சூரிய அஸ்தமனத்தை வைத்துப் போடச் சொல்லுங்கள், ஆப் உங்கள் இருப்பிடத்தைப் பார்த்து நாளுக்கு நாள் தானே சரிசெய்துகொள்ளும்.

அசைவு சென்சார் நடைபாதைக்கும் குளியலறைக்கும் அருமையாக உதவும், வயதானவர்கள் ராத்திரி எழுந்து போகிற வழியில் மங்கலாக எரியவிட்டால் தடுக்கி விழும் பயம் குறையும். சாதாரண பிஐஆர் சென்சார் உடல் சூட்டின் அசைவைத்தான் பார்க்கும், ஆடாமல் உட்கார்ந்து படித்தால் ஆள் இல்லை என்று அணைத்துவிடும். படிக்கிற அறைக்கு ரேடார் வகை சென்சார் வாங்குங்கள்.

அணைந்திருக்கும்போதும் ஒரு ஸ்மார்ட் பல்பு அரை வாட் அளவு எடுத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு ஏறக்குறைய 4.4 யூனிட். ஒன்றிரண்டுக்குப் பரவாயில்லை. அரிதாகவே போடுகிற பரண், ஸ்டோர் ரூம் விளக்கையெல்லாம் ஸ்மார்ட் ஆக்காதீர்கள்.

படி 7: ரவுட்டரை அணைத்துப் பாருங்கள்

எல்லாம் முடிந்ததும் ரவுட்டரை அணைத்துவிட்டு ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். வீட்டில் ஆப் வைத்திருக்காத ஒருவரையே தட்டச் சொன்னால் இன்னும் நல்லது. ரிலே போட்ட விளக்குகள் வழக்கம்போல எரிந்து அணைய வேண்டும். ஒட்டிய பட்டனை நம்பியிருக்கும் அறையில் பட்டன் பேசாமல் போனால், பக்கத்தில் இருக்கும் அசல் சுவிட்சையாவது அணைத்துப் போட முடிகிறதா, அப்படிப் போட்டதும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் ஆறாவது படிக்குப் போய், அந்த ஒரு விளக்குக்கு மட்டும் பவர் வந்ததும் எரியும்படி அமைப்பை மாற்றுங்கள்.