க்ளோண்டைக் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: முக்கியமாக அந்தத் தகர டப்பா

போன ஜூலையில், 1896-ல் தங்கம் கிடைத்து 1898-ல் கூட்டம் குவிந்த க்ளோண்டைக்கில், அதாவது கனடாவின் வடமேற்கு மூலையில், டாசன் சிட்டிக்குப் பக்கத்துப் பொனான்ஸா ஓடையை ஒட்டிய ஒரு மலைச்சரிவில் இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். துருப்பிடித்த டப்பாக்களைப் பொறுக்கி ஒரு மரக்கட்டை மேல் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததும் வயிறு எரிந்தது, ஏனென்றால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சரிவில் இதையேதான் நானும் செய்தேன். அதனால்தான் இந்தப் பதிவு. கரடி, கொசு, அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை கிலோமீட்டர் என்பதையெல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை.

எல்லாமே 1898 என்று நினைப்பது

டாசனை நெருங்கும்போது கூழாங்கல் மேடுகள் ராட்சதப் புழு ஊர்ந்த தடம் மாதிரி வளைந்து வளைந்து கிடக்கும். தங்கவேட்டைக்கு வந்தவர்கள் கையால் தோண்டிப் போட்டது என்று நினைத்துக்கொள்வோம். இல்லை. அது டிரெட்ஜ் என்ற மிதக்கும் இயந்திரம் கக்கிய கல். தான் மிதக்க வேண்டிய குளத்தைத் தானே தோண்டிக்கொண்டு, முன்னால் வாளிச் சங்கிலியால் அள்ளி, உள்ளே தங்கத்தைப் பிரித்து, பின்னால் கல்லைக் கொட்டிக்கொண்டே நகரும். பொனான்ஸாவில் இன்றும் நிற்கும் நாலாம் எண் டிரெட்ஜ் 1913 முதல் 1959 வரை ஓடியது. 1899-லேயே ஆயிரக்கணக்கானவர்கள் அலாஸ்காவின் நோம் பக்கம் போய்விட்டார்கள், அப்புறம் கம்பெனிகள் வந்து ஓடையையே புரட்டிப் போட்டன. கையால் தோண்டிய தடம் பார்க்க வேண்டுமென்றால் சரிவில் ஏறுங்கள்.

பொருளை இடம் மாற்றுவது

சரி, ஏறியாயிற்று. அங்கே என்ன இருக்கும்? சின்னச் சின்னப் பள்ளங்கள், சுற்றி மண்மேடு, பாசி மூடிய மரக்கட்டைகள், டப்பாக்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு குளிர்காலத்து உழைப்பு. இந்த மண் கோடையிலும் உள்ளே உறைந்தே கிடக்கும், கடப்பாரை இறங்காது. அதனால் ராத்திரி முழுக்க விறகு எரித்து, காலையில் இளகிய மண்ணை மட்டும் அள்ளி, மறுபடி எரித்து, தங்கம் படிந்திருக்கும் அடிப்பாறை வரை இப்படியே இறங்கினார்கள். அள்ளியதைக் குவித்து வைத்து, வசந்தத்தில் ஓடையில் தண்ணீர் வந்ததும்தான் அலசிப் பார்த்தார்கள், அதுவரை தங்கம் எவ்வளவு என்று சரியாகத் தெரியாது.

இதில் டப்பாவுக்கு என்ன வேலை? ஒரு வருடத்துக்கான சாப்பாட்டோடு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று கனடாப் போலீஸ், அலாஸ்காவிலிருந்து ஏறி வரும் சில்கூட் கணவாயின் உச்சியிலேயே சொல்லிவிட்டது, அதனால் உணவு டப்பாக்கள் எங்கும் கிடக்கின்றன. ஒன்றைக் கையால் தொடாமல், குனிந்து பாருங்கள். மூடியின் நடுவில் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத் தகடு வைத்து, ஓரத்தில் ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் அது பழைய முறை. மூடியின் விளிம்பை ஈயமே இல்லாமல் மடித்து இறுக்கியிருந்தால், அந்த வகை 1900-களில்தான் மெல்ல மெல்லப் பரவியது. ஒரு டப்பா மட்டும் எதையும் நிரூபிக்காது. ஆனால் இந்தப் பள்ளத்தின் பக்கத்தில் பழைய வகை ஏழு, அந்தக் குடிசையின் வாசலில் புதிய வகை நாலு என்று கிடந்தால், யார் முதலில் வந்தார்கள், யார் பிறகு வந்து தங்கினார்கள் என்று சொல்ல முடியும். பெயர் எழுதி வைக்காமல் போனவர்களுக்கு இருக்கும் ஒரே பதிவு அதுதான்.

நான் அன்று ஆறு டப்பாவை எடுத்து அடுக்கினேன். மறு வருடம் தொல்லியல் தெரிந்த ஒரு அம்மாவை அதே இடத்துக்குக் கூட்டிப் போனேன். அவர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இதில் எது எங்கே கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா?" இல்லை. மூன்று பள்ளத்திலிருந்து எடுத்திருந்தேன், எது எந்தப் பள்ளத்தது என்று தெரியவில்லை. அவர் திட்டக்கூட இல்லை, நோட்டை மூடி வைத்துவிட்டார். அந்த நோட்டு மூடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. திருப்பி வைக்க வழியே இல்லாத தவறு இது. அந்தத் தம்பிகளிடம் சொன்னபோது, "அண்ணா, வெறும் டப்பாதானே, வீட்டுக்கா எடுத்துப் போகிறோம்?" என்றார்கள். எடுத்துப் போவது சட்டப்படி குற்றம், அது வேறு. ஒரு அடி நகர்த்தினாலும் சேதம் சேதம்தான். சில்கூட் கணவாயின் உச்சிக்குப் பக்கத்தில் மடக்கு கேன்வாஸ் படகுகள் விட்டுப் போன இடத்திலேயே இன்னும் கிடக்கின்றன, வருடா வருடம் அத்தனை பேர் அந்த 53 கிலோமீட்டரை நடந்தும். கிடக்க விட்டால் கிடக்கும்.

படம் வேண்டுமா, கிடக்கும் இடத்திலேயே எடுங்கள், சுற்றியுள்ள பள்ளமும் சேர்ந்து விழும்படி.

அடுத்தவர் கிளெய்மில் தங்கம் அலசும் தட்டைப் போடுவது

இந்த ஓடையோர இடங்களில் பெரும்பாலானவை இன்றும் உரிமையாளர் உள்ள கிளெய்ம்கள், அதாவது தங்கம் எடுக்கப் பதிவு செய்த நிலத்துண்டுகள். பொனான்ஸாவில் ஆறாம் எண் கிளெய்ம் பார்வையாளர்களுக்கு இலவசம், அங்கே அலசுங்கள்.

குழிக்குள் இறங்குவது

வேண்டாம்.

கதையை 1896-ல் தொடங்குவது

ஆகஸ்ட் 1896-ல் முதல் தங்கத்தைக் கண்டவர்கள் என்றால் எல்லோரும் ஜார்ஜ் கார்மாக் பெயரைச் சொல்கிறார்கள். கூடவே இருந்த அவர் மனைவி கேட், அவள் அண்ணன் ஸ்கூக்கம் ஜிம், உறவுக்காரர் டாசன் சார்லி மூவரும் டாகிஷ் மக்கள். க்ளோண்டைக் என்ற பெயரே, அந்த ஆற்றங்கரையில் முன்பிருந்தே வாழ்ந்த ஹான் மக்களின் ட்ரோண்டெக் என்ற சொல் வெள்ளையர் வாயில் மாறியதுதான்: சால்மன் பிடிக்க ஆற்றில் கம்பங்களைச் சுத்தியல் கல்லால் அடித்து இறக்கிய ஆறு. கூட்டம் வந்து நெருக்கியதும் அந்த ஹான் மக்களின் தலைவர் ஐசக் தன் மக்களோடு ஆற்றோட்டத்தில் சுமார் 5 கிலோமீட்டர் கீழே மூஸ்ஹைடுக்குப் போனார், பாட்டும் ஆட்டமும் அழிந்துவிடக் கூடாதென்று அலாஸ்காவில் இருந்த உறவினரிடம் கொடுத்து வைத்தார். 2023-ல் இந்தப் பகுதி யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, ட்ரோண்டெக்-க்ளோண்டைக் என்று இந்த மக்கள் வைத்த பெயரையும் தாங்கித்தான். டாசனில் ஆற்றங்கரையிலேயே இவர்களுடைய டானோஜா ஜோ பண்பாட்டு மையம் இருக்கிறது. பலர் கடைசி நாள் மழை பெய்தால் எட்டிப் பார்க்கிறார்கள். முதல் நாள் காலையில் அங்கே போங்கள், ஓடைக்கு மத்தியானம் போகலாம், கோடை நடுவில் அங்கே முழுதாக இருட்டுவதே இல்லை.