தையல் மெஷினும் சுவிசேஷமும்: சபைகள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பள்ளிக்கூடம் திறந்த கையோடு ஏதாவது ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் தையல் வகுப்பு தொடங்கும். நான்கு மெஷின், ஒரு டீச்சர், வாசலில் பேனர். கிறிஸ்துமஸ் வருவதற்குள் மெஷின்கள் பெட்ஷீட் போர்த்திக்கொண்டு மூலையில் நிற்கும். கேட்டால், "இந்தத் தெரு ஜனங்களுக்கு வாஞ்சை இல்லை" என்பார்கள். வாஞ்சையெல்லாம் இருந்தது, வகுப்பு நடந்த விதம்தான் அதைக் கெடுத்தது. நேரத்துக்கு வாருங்கள், முகம் சுளிக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம்.

முதல் நாளே ரவிக்கை

வருகிறவர்கள் எல்லாருக்கும் ரவிக்கை தைக்கத்தான் ஆசை. அதற்காக அதில் தொடங்கினால் கை வளைவிலும் கழுத்திலும் துணி பாழாகும், இரண்டாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். முதல் இரண்டு நாள் மெஷினில் நூலே கோர்க்க வேண்டாம். கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே ஊசி இறங்கும்படி மிதிக்கச் சொல்லுங்கள். சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவது நிற்கும்வரை துணியைத் தொட வேண்டாம்.

பிறகு தலையணை உறை. 17க்கு 27 அங்குல உறைக்கு 62 அங்குல நீளம் வேண்டும்: இரு பக்கத்துக்கு 54, உள்ளே மடியும் நாக்குக்கு 6, ஓரம் மடிக்க 2. 36 அங்குல அகலப் பருத்தித் துணியில் 1¾ மீட்டர் வாங்கி, ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டு, நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் இரண்டு உறை வரும். பக்கத் தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் போதும். ஊறவைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே உறை சுருங்கி, தலையணை உள்ளே போகாது. அதன் பிறகு உள்பாவாடை, அப்புறம்தான் ரவிக்கை.

துணியின் அடிப்பக்கம் நூல் குவிந்தால் அடிநூல் சுற்றிய பாபினைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் சரியாக உட்கார்ந்திருக்காது. தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசியின் தட்டைப் பக்கம் மாறியிருக்கிறதா பாருங்கள். பருத்திக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11.

வகுப்பையே தூண்டிலாக்குவது

இதுதான் பெரிய தவறு. எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதைத்தான் முதலில் செய்கிறார்கள்.

பத்தரைக்கு வகுப்பு என்று அறிவிப்பு. பத்தரைக்கு வந்து உட்கார்ந்தால் முதலில் பாட்டு, அப்புறம் முக்கால் மணி நேரச் செய்தி, ஜெபம். மெஷின் உறையைக் கழற்றும்போது மணி பதினொன்றரை. குழந்தை பள்ளியிலிருந்து வருவதற்குள் வீடு திரும்ப வேண்டியவருக்கு மிஞ்சுவது அரை மணி நேரம். சில இடங்களில் வருகைப் பதிவில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். சில இடங்களில் ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்களுக்கு மட்டும் கடைசியில் இலவச மெஷின்.

பெண்கள் எதிர்த்துப் பேசமாட்டார்கள். தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்து "கர்த்தர் கிரியை செய்கிறார்" என்று அறிக்கையும் எழுதிவிடுவார்கள். தெருவிலோ பேச்சு வேறு: "மெஷினுக்காகப் போறா." இதில் அதிகம் அடிபடுவது உண்மையிலேயே இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருத்திதான். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாலும் மெஷினுக்காக நடிக்கிறாள் என்று ஆகிவிடும் என்பதால் கேட்கவே மாட்டாள். அவளுக்குத் திறந்திருந்த கதவை நாமே சாத்திவிட்டு, வாஞ்சை இல்லை என்று அவளையே குறை சொல்கிறோம்.

சட்டமும் இருக்கிறது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்புச் சொன்னது. ஆசை காட்டி மாற்றுவது பல மாநிலங்களில் குற்றம். தமிழ்நாட்டில் 2002இல் வந்த சட்டம் 2004இல் விலக்கப்பட்டது, தெருவின் சந்தேகம் விலகவில்லை.

வேதாகமத்தைப் பாருங்கள். கொரிந்துவில் அப்போஸ்தலன் பவுல் கூடாரம் பண்ணியது ஆள் பிடிக்க அல்ல, சாப்பாட்டுக்கு. யோப்பாவில் தொற்காள் தைத்துக் கொடுத்த அங்கிகளை விதவைகள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டினார்கள். அந்த அங்கிகளுக்கு அவள் நிபந்தனை வைத்ததாக ஒரு வரியும் இல்லை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இது சபை நடத்தும் வகுப்பு என்பதைப் பேனரிலேயே தெளிவாக எழுதுங்கள், மறைத்தால் அதுவும் ஏமாற்று. மாதம் நூறு ரூபாயாவது கட்டணம் வாங்குங்கள். காசு கொடுத்தவர் யாருக்கும் கடன்பட்டவராக உணரமாட்டார். பத்தரை என்றால் பத்தரைக்கு மெஷின் ஓட வேண்டும். ஜெபக்கூட்டம் தனி நாளில், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். யாராவது தானாக, "ஏன்க்கா இதெல்லாம் செய்றீங்க?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில், உங்கள் வார்த்தையில், உண்மையைச் சொல்லுங்கள். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள் என்றுதான் பேதுருவும் எழுதினார். இன்னும் கேட்டால் இன்னும் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கக் கற்றுக்கொடுங்கள்.

தைத்த துணிக்குள் துண்டுப்பிரதி

வேண்டாம்.

தெருத் தையல்கார அக்காவை மறப்பது

அன்பு காட்டுகிறோம் என்று அக்கம்பக்கத்து ரவிக்கைகளை எல்லாம் சும்மா தைத்துக் கொடுத்தால், அதே தெருவில் தைத்துப் பிழைக்கும் ஒருவரின் அடுப்பு அணையும். வகுப்பு தொடங்குமுன் அவரிடம் போய்ப் பேசுங்கள். முடிந்தால் அவரையே சம்பளத்துக்கு டீச்சராக அழையுங்கள், எந்த மதத்தவராக இருந்தாலும் சரி.

சொன்ன கஷ்டத்தை மைக்கில் சொல்வது

மெஷின் சத்தத்தின் மறைவில்தான் மனம் திறக்கும். புருஷனின் குடி, கருக்கலைந்தது, வட்டிக்காரன். அதை ஞாயிற்றுக்கிழமை ஜெபக் குறிப்பாகப் பெயரோடு வாசித்தால் மாலைக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும். கஷ்டத்தைச் சொன்னவர் முன்னால் ஜெபிக்க வேண்டுமா என்று அவரையே கேளுங்கள். வேண்டாம் என்றால் வீட்டில் தனியாக ஜெபியுங்கள்.

தீபாவளிப் பலகாரம்

படைத்ததைச் சாப்பிட மனச்சாட்சி இடம் கொடுக்காவிட்டால் அன்போடு அப்போதே சொல்லிவிடுங்கள். சிரித்து வாங்கிவிட்டு, பிறகு குப்பையில் போடாதீர்கள். குப்பைத்தொட்டி தெருவுக்குப் பொது.

ஓடாத மெஷினைத் தானம் கொடுப்பது

கொடுக்குமுன் பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சைத் துடைத்து, மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் சில மாதத்தில் பிசினாகி இறுகிவிடும். தோல் பெல்ட் வழுக்கினால் அரை அங்குலம் வெட்டி, கொக்கியைத் திரும்ப மாட்டுங்கள். ஒரு தலையணை உறையாவது அதில் தைத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.