திட்டுகிற மாதிரி புகழும் விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
அமெரிக்காவில் பொதுத் தேர்தலுக்கு முன் ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரை "ரொம்பத் தீவிரமான கன்சர்வேட்டிவ் (பழமைவாதி), டிரம்ப்பே பொறுக்கியெடுத்த ஆள்" என்று விளம்பரம் திட்டினால், முதலில் பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள், அது கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். எதிர்க்கட்சியா? சரி, அப்புறம் தேதி: உட்கட்சித் தேர்தலுக்கு முன்னாலேயே வந்ததா? சொந்தக் கட்சியிலேயே இன்னும் ஜெயிக்காத ஆள்மேல் எதிரி ஏன் காசைக் கொட்ட வேண்டும்? அந்தத் திட்டு சொந்தக் கட்சிக்காரர்கள் காதில் புகழாக விழும்; அவர் உட்கட்சியில் ஜெயித்தால் பொதுத் தேர்தலில் தோற்கடிப்பது சுலபம் என்ற கணக்குதான்.

2022-இல் மிச்சிகனில் ஜனநாயகக் கட்சியின் காங்கிரஸ் பிரச்சாரக் குழு 4 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து காங்கிரஸுக்குப் போட்டியிட்ட குடியரசுக் கட்சியின் ஜான் கிப்ஸை இப்படித்தான் 'திட்டியது'. டிரம்ப்புக்கு எதிரான பதவிநீக்கத் தீர்மானத்தை ஆதரித்த அதே கட்சியின் பீட்டர் மையர் உட்கட்சியில் கிப்ஸிடம் தோற்றார், நவம்பர் பொதுத் தேர்தலில் கிப்ஸும் தோற்றார். கணக்கு பலித்தது, கேவலமான கணக்குதான்.

திட்டில் ஊழல், வழக்கு எதுவும் இல்லாமல் வேட்பாளரின் சொந்தக் கட்சிக்காரர்கள் கைதட்டுகிற விஷயங்களே இருந்தால் சந்தேகப்படுங்கள். செலவுத் தொகையை அமெரிக்க மத்தியத் தேர்தல் ஆணையத்தின் (FEC) இணையதளத்தில் தேடலாம்.